மாமியார் போட்ட கையெழுத்து செல்லுமா?

காவிரி டெல்டாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்குப் பதினோரு மாதம். இரண்டு பிரசவமும் சிசேரியன். இரண்டாவது பிரசவத்திற்கு அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தபோது, வலி தொடங்கிய நேரத்திலிருந்தே "ரெண்டாச்சுல்ல, இதோட கு.க. (குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை) பண்ணிக்கோ" என்று வார்டில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு வயதாவது ஆகட்டும், பிறகு யோசிக்கிறேன் என்று இவர் மறுத்திருக்கிறார். "உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அங்கே ஒருவர் கேட்டது இன்னும் காதில் ஒலிப்பதாக எழுதுகிறார். இவரை அறுவை அரங்குக்குள் கொண்டுபோன பிறகு, வெளியே நின்ற மாமியாரிடம் இரண்டு மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீடு திரும்பி ஐந்து மாதமாகியும் ரத்தப்போக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்க, வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைக் கருவி இருப்பது தெரிந்தது. எடுத்துவிடுங்கள் என்றதற்கு, "ஆபரேஷன் பண்ணிக்கிறதா இருந்தா எடுக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. கடைசியில் தனியார் கிளினிக்கில் 1,500 ரூபாய் கொடுத்து எடுத்திருக்கிறார்.

இப்போது நாள் தள்ளிப்போய், எட்டு வாரக் கர்ப்பம் என்று ஸ்கேன் சொல்கிறது. ஹீமோகுளோபின் 7.8, அதாவது ரத்தசோகை. மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். கணவரோ, தன் கையெழுத்து இல்லாமல் கலைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார். மருத்துவமனையில், புருஷனை அழைத்து வந்து, கலைப்பதோடு கு.க.வும் செய்துகொள்வதாக ஒப்புக்கொண்டால்தான் அட்மிஷன் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா டவுனிலிருந்து மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேறு வழியில்லாமல் பெற்றுக்கொண்டாலும், மூன்றாவது குழந்தையின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்கமாட்டார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். மாமியார் போட்ட கையெழுத்து செல்லுமா, கணவர் சொல்வது சட்டமா, மாத்திரை சாப்பிடலாமா, புகார் கொடுத்தால் அந்த நர்ஸின் வேலை போய்விடுமா என்று நான்கு கேள்விகளோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, அவசரமான இரண்டு செய்திகளை நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்குத் தெரிவித்துவிட்டேன்: மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம், நாளைக் கடத்தவும் வேண்டாம். இங்கே மற்றவற்றை விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெண்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவரின் கையெழுத்து

உங்கள் கணவர் சொல்வது தவறு. 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் கேட்பது ஒரே ஒரு சம்மதத்தை, அதாவது கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் சம்மதத்தை. பதினெட்டு வயது நிறையாதவராகவோ மனநோய் உள்ளவராகவோ இருந்தால் மட்டுமே பாதுகாவலரின் கையெழுத்து தேவை. நீங்கள் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்; ‘படிவம் சி’ என்ற சம்மதத் தாளில் நீங்கள் கையெழுத்திட்டால் போதும். மருத்துவமனைகள் கணவரை அழைத்து வரச் சொல்வது வழக்கமாகிவிட்டதே தவிர, அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, குடும்பத்தாரின் சம்மதம், கூடுதல் ஆவணங்கள் என்று சட்டம் கேட்காத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. அதோடு, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தைச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர் அல்லாத எவரிடமும் மருத்துவர் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொரு வரியும் இருக்கிறது: "இது என் உரிமை, ஏன் எதற்கு என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை." நியாயத்தின்படி நீங்கள் சொல்வதோடு நான் உடன்படுகிறேன், சட்டம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. இருபது வாரம் வரை, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், இந்தக் கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு நேரும் என்று நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை, குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் அப்படிக் கருத வேண்டும். கருத்தடை முறை தவறிப்போய் உண்டான கர்ப்பம் மனநலத்தைக் கடுமையாகப் பாதிக்கும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. அந்த விளக்கத்தில் முன்பு ‘கணவர்’ என்றிருந்த இடத்தில் 2021 திருத்தம் ‘துணைவர்’ என்ற சொல்லை வைத்தது. உங்களைப் பொறுத்தவரை காரணம் தேடவே வேண்டியதில்லை. பதினோரு மாதத்துக்கு முன் அறுத்துத் தைத்த கர்ப்பப்பை, 7.8 ஹீமோகுளோபின், இரண்டு சிசேரியன் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு, உடல்நலக் காரணம் இல்லை என்று எந்த மகப்பேறு மருத்துவரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. கணவருக்குத் தெரியாமல், மருத்துவக் காரணமும் இல்லாமல், மனைவி கருவைக் கலைத்தாலோ கருத்தடை அறுவை செய்துகொண்டாலோ அது மனக் கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007-இல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது குற்ற வழக்கு அல்ல. போலீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்றாலும் நாளை வீட்டுச் சண்டை நீதிமன்றம் வரை போனால் அந்த வரியை யாராவது எடுத்து நீட்டுவார்கள். எனவே உங்கள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருத்துவரின் கருத்து மூன்றின் நகல்களையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவக் காரணம் தாளில் இருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். கணவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்பதும் என் எண்ணம். அனுமதி கேட்பதற்காக அல்ல. உங்கள் ரத்தத்தின் அளவு என்ன என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கக்கூடும்.

மாத்திரை, மருத்துவமனை, தொடர்வது

மாத்திரை முறை, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்படும்போது, பாதுகாப்பானது. இந்தியச் சட்டவிதிகள் அதை ஒன்பது வாரம் வரை அனுமதிக்கின்றன. உங்களுக்கு அது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மூன்று காரணங்கள். கடிதத்தின் தேதியைக் கணக்கிட்டால், இதைப் படிக்கும்போது நீங்கள் அந்த ஒன்பது வாரத்தைத் தாண்டியிருப்பீர்கள். அடுத்து, மாத்திரை சாப்பிட்டால் ரத்தப்போக்கு உறுதி. அது சிலருக்கு மிகுதியாகும். 7.8-இல் நிற்கும் ஒருவர், இரவு பதினொரு மணிக்கு, கைக்குழந்தையோடு, மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ள ஊரில் அப்படி ரத்தம் போகும் நிலைக்கு ஆளாகக் கூடாது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: சிசேரியன் தழும்பின் மேலேயே கரு பதிந்துகொள்வது அரிது, ஆனால் நேர்வதுண்டு. அப்படியிருக்க மாத்திரை போட்டால் விபரீதமாகும். உங்கள் ஸ்கேன் தாளில் கரு எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால், தழும்பைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி மறுபடி எடுக்கக் கேளுங்கள். சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை: 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 312-ஆவது பிரிவாக இருந்தது இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆவது பிரிவு. தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அது குற்றவாளியாகவே பார்க்கிறது. 1971 சட்டத்தின் பாதுகாப்பு, பதிவு பெற்ற மருத்துவர் சட்டப்படி செய்யும்போதுதான் கிடைக்கும்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது, ரத்த வங்கி உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உறிஞ்சுக் குழாய் முறையில் செய்துகொள்வது. பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் சில நிமிட வேலை. அரசு மருத்துவமனைக்கு இதற்கென்று தனி அங்கீகாரம் வேண்டியதில்லை; தனியார் என்றால் அங்கீகாரச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ஊசியை உடனே தொடங்கச் சொல்லுங்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

எழுதும்போது உறுதியாக இருந்த மனம் பிறகு மாறுவதும் உண்டு; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மூன்றாவது குழந்தை பெறுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கமாட்டார்கள் என்பது வெறும் வதந்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான் என்பது உண்மை. ஆனால் அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் ஆகியவை எத்தனையாவது குழந்தையாக இருந்தாலும் இலவசம். நீங்கள் தொடர்ந்தால் உடல் சந்திக்கும் ஆபத்துதான் என் கவலை. சிசேரியன் தழும்புள்ள கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி கீழிறங்கியோ தழும்போடு ஒட்டியோ வளரும் வாய்ப்பு ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் கூடுகிறது. பிரசவத்தின்போது கட்டுக்கடங்காத உதிரப்போக்குக்கு அது முக்கியமான காரணம். தொடர்வதாக இருந்தால் இப்போதே அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பதிவுசெய்து, ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தை உறுதிசெய்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாள்

இனி உங்கள் முதல் கேள்வி. மாமியார் போட்ட கையெழுத்து செல்லாது. சுயநினைவோடு இருக்கும், பதினெட்டு வயது நிறைந்த ஒருவரின் உடலில் செய்யும் எதற்கும் அவர்தான் சம்மதிக்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கி, ஆய்வுக்காக மட்டும் படுத்தவரின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, அவர் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் கையெழுத்து அதற்கு ஈடாகாது என்று நீதிமன்றம் சொன்னது. சிசேரியனுக்குத் தந்த சம்மதம் சிசேரியனுக்கு மட்டுமே. மாமியார் மீது கோபப்படாதீர்கள். எந்தத் தாளில் எதற்காகக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று அவருக்கும் எவரும் படித்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.

உங்கள் டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். எங்காவது ஓரத்தில், பி.பி.ஐ.யு.சி.டி. என்று ஆறு ஆங்கில எழுத்துகள் கையாலோ ரப்பர் முத்திரையாலோ பதிந்திருக்கும். பிரசவத்தோடு வைக்கும் காப்பர்-டிக்கான குறியீடு அது. அந்த ஆறு எழுத்தைப் பார்த்து எந்தத் தாயும் தன் வயிற்றுக்குள் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. சிசேரியனின்போது வைத்தால் அதன் நூலும் பல மாதம் வெளியே தட்டுப்படாமல் இருக்கும். காப்பர்-டியை நான் குறை சொல்லவில்லை. தெரிந்து, கேட்டு வைத்துக்கொண்ட பல பெண்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஐந்து வருடத்துக்கு ஒன்று, பத்து வருடத்துக்கு ஒன்று என இரு வகை உண்டு. அந்த வருடக் கணக்கு அதிகபட்ச வரம்பு. பெண் எப்போது கேட்டாலும் எடுத்துவிட வேண்டும். ரத்தம் போய்க்கொண்டே இருந்த உங்களுக்கு எடுக்க மறுத்ததும், எடுப்பதற்கு அறுவையை விலையாகக் கேட்டதும், வைத்ததைவிடப் பெரிய தவறுகள் என்பது என் கருத்து.

இப்போது கலைப்பதற்கும் கு.க.வையே நிபந்தனையாக வைக்கிறார்கள். கருத்தடை அறுவைக்கான மத்திய அரசின் நெறிமுறை, வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ சம்மதம் வாங்கக் கூடாது என்கிறது. கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்றும் அதே நெறிமுறைதான் சொல்கிறது. உங்களுக்கே விருப்பம் இருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொள்வதில் மருத்துவரீதியாகத் தடையில்லை, ஒரு மயக்க மருந்தோடு முடியும். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கருக்கலைப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் அதிகாரமில்லை.

ஏன் இப்படி நடக்கிறது

அவர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கடிதத்தின் நடுவே நீங்கள் கேட்டிருந்தீர்கள். அரசு சுகாதாரப் பணியில் முப்பது வருடம் இருந்தவள் என்ற முறையில் இதற்கு நானும் பதில் சொல்லக் கடன்பட்டவள்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தடையைப் பற்றி 1930-களிலேயே ஊரறியப் பேசினார்கள். சென்னையின் படித்த கனவான்கள் சிலர் மக்கள்தொகையையும் வறுமையையும் காரணம் காட்டி அதை ஆதரித்தார்கள். பெரியார் அந்தக் காரணங்களிலிருந்து விலகி நின்றார். மற்றவர்கள் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்துக்காக என்கிறார்கள். நாங்கள் கேட்பது பெண்கள் விடுதலை பெறுவதற்காக என்று எழுதினார். சுதந்திர இந்தியா எடுத்துக்கொண்டது கனவான்களின் காரணத்தை. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. 1956-இல் சென்னை மாநில அரசு, அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. காசும் கணக்கும் அன்றே உள்ளே வந்துவிட்டன. நெருக்கடி நிலையின் 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் சுமார் 82 லட்சம் அறுவைகள். அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தவை. 1977 தேர்தலில் அதற்கான பதில் கிடைத்தது. ஆண்களைத் தொட்டால் ஆட்சி போய்விடும் என்று கற்றுக்கொண்ட அரசுகள் அதற்குப் பிறகு பெண்கள் பக்கம் திரும்பின. விளைவை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 சதவீதம்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மருத்துவ அலுவலர் அறையில் ஒரு நீளப் பதிவேடு இருக்கும். இடது பத்தியில் ‘இலக்கு’, வலது பத்தியில் ‘சாதனை’. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்த இரண்டு பத்திக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் எங்கள் எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். கிராம சுகாதார செவிலியர்கள் பெண்களை அழைத்துக்கொண்டு வந்து வரிசையில் உட்கார வைப்பார்கள். ஊதா மை ஒற்றிய கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் பதித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட பெண் எனக்கு ஒருவர்கூட நினைவில் இல்லை. கேட்க இடம் கொடுத்ததாகவும் நினைவில்லை. 1996-இல் இலக்குகள் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். பதிவேடு போனது, பழக்கம் போகவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அந்த மாத முகாம்களில் அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்ட பிறகும், எண்ணிக்கையைக் கேட்கும் மேலதிகாரியின் குரல் மாறிவிடவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வேலைசெய்த துறைக்கு அநியாயம் செய்தவளாவேன். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, அசாமில் 195, தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசர மகப்பேறு மையங்கள், ஒவ்வொரு தாய் இறப்பையும் விசாரிக்கும் முறை என்று பல்லாயிரம் செவிலியர்களின் உழைப்பால் வந்தது அந்த 54. ஆனால் சராசரி எண்ணுக்குள் நீங்கள் தெரியமாட்டீர்கள். முன்பு சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்குள்ள கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தனியாரில் 63.8 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். பணம் உள்ளவர் தேவையில்லாத அறுவையோடு வீடு திரும்புகிறார், பணம் இல்லாதவர் கேட்காத காப்பர்-டியோடு திரும்புகிறார். தனியார் மருத்துவமனையில் ஏ.சி. அறையில் படுத்திருக்கும் பெண்ணிடம் "உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்கும் துணிவு யாருக்கும் வராது.

இதற்கிடையே 2024 அக்டோபரிலும் 2025 மார்ச்சிலும் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் திருமண மேடைகளிலேயே, மக்கள்தொகைக்கேற்ப நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையை முன்னிட்டுக் குழந்தை பெறுவதைப் பற்றிப் பேசினார். தள்ளிப்போடாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திர முதலமைச்சரும் அவ்வாறே பேசினார். குறைவாகப் பெறு என்று எழுபது வருடம் சொன்ன குரல் இப்போது கூடுதலாகப் பெறு என்கிறது. இரண்டு முறையும் எண்ணுவது அரசு. எண்ணப்படுவது உங்கள் வயிறு. மாறாக, இரண்டு குழந்தைக்கு மேல் மகப்பேறு விடுப்பு இல்லை என்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் பெரிய ஆறுதலாக நினைக்கிறேன்.

இனிச் செய்யக்கூடியவை

முதலில் உடல், பிறகு புகார். இந்த வாரமே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மறுபடியும் நிபந்தனை போட்டால், மறுப்பை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள், ஆனால் அப்படிக் கேட்டவுடன் பல இடங்களில் பேச்சு மாறிவிடும் என்பது என் அனுபவம். மாறாவிட்டால் மருத்துவக் கண்காணிப்பாளரையோ மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநரையோ அன்றே பார்க்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி அழைப்பு சில வேளை பத்து மனுவுக்குச் சமம்.

அடுத்து கேஸ் ஷீட். பிரசவம் நடந்த மருத்துவமனையில் உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள், முப்பது நாளில் பதில் வரவேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்ய, நிகழ்வு நடந்ததிலிருந்து ஓராண்டுதான் காலம். உங்கள் மகனுக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும் என்று நினைவில் வையுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்; எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. இழப்பீடு கேட்பதானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது சிவில் வழக்குதான் வழி, நீண்டது, களைப்பூட்டுவது. ‘உங்க ஆளுங்க’ என்றவர் சாதியைத்தான் சொன்னாரா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அதற்கு 1989-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

இனி வரும் காலத்துக்கான கருத்தடை. ரத்தசோகை தீரும்வரை காப்பர்-டி உங்களுக்குப் பொருந்தாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவருமே உறுதியாக இருந்தால், உங்கள் வயிற்றை மூன்றாவது முறை திறப்பதைவிட, உங்கள் கணவர் தழும்பில்லாத வாசக்டமி செய்துகொள்வதே எளிது: பத்துப் பதினைந்து நிமிடம், தையல் இல்லை, அன்றே வீடு. மூட்டை தூக்க முடியாமல் போய்விடும், ஆண்மை குறையும் என்று அவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் பொய். சில நாள் ஓய்வுக்குப் பிறகு மூட்டை தூக்கலாம். அறுவைக்குப் பின் மூன்று மாதம் வரை வேறு கருத்தடை தேவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவர் வந்தால் நேரில் பேசுகிறேன். நான் சொன்னால் கேட்காதவர், அறுவை செய்துகொண்ட இன்னொரு சுமைதூக்கும் தொழிலாளி சொன்னால் கேட்கக்கூடும்.

கடைசியாக அந்த நர்ஸ். அவருக்கும் இரண்டு குழந்தை, அவரும் கடன் வாங்கித்தான் படித்தார் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புகாரால் மட்டும் அவர் வேலை போய்விடாது. விளக்கம் கேட்பார்கள், அதிகம் போனால் இடமாற்றம். அவர் பெயரை எழுதாமலும் புகார் கொடுக்கலாம். தேதி, வார்டு, எத்தனை மணிக்கு அரங்குக்குள் கொண்டுபோனார்கள், யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை எழுதி, கீழே மூன்று கேள்விகளை மட்டும் வையுங்கள்: என் சம்மதம் எந்தத் தாளில் இருக்கிறது, அதில் யார் கையெழுத்து, அந்த மாதம் இந்த மருத்துவமனை எத்தனை காப்பர்-டி வைக்க வேண்டும் என்று மேலிருந்து கேட்கப்பட்டிருந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நர்ஸ் அல்ல.